வரக்கூடியவர் பட்டியல்

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, அருணகிரியின் வீட்டு வாசலில் ஆளில்லாத கார் ஒன்று வந்து நின்றது.

வராந்தாவில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த அருணகிரி தலையைத் தூக்கிப் பார்த்தார். கார் இரண்டு தடவை முன்னும் பின்னும் நகர்ந்து தன்னைச் சரிசெய்துகொண்டது. கேட்டுக்கும் தனக்கும் நடுவில் ஒன்றரை அடி விட்டது. பிறகு விளக்கை அணைத்து அடங்கிவிட்டது. இப்போது போய்விடும் என்று நினைத்தார். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அங்கேயே நின்றது.

ஓட்டுநர் இல்லாத கார்கள் அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. வந்தவர்களை வேண்டிய வீட்டில் இறக்கிவிட்டு, தாமே இடம் தேடி நின்றுகொள்ளும். ஊரில் கார்கள் பெருகி நிற்க இடமில்லாமல் போனதால் வாசல் பங்கீட்டு வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். எந்த வீட்டு வாசல் எந்த நேரத்தில் யாருக்கும் தேவைப்படாது என்று வாரியத்தின் மெஷின் கணக்குப் போட்டுச் சொல்லும்; கார் அங்கே போய் நிற்கும். தெருவில் பத்துப் பன்னிரண்டு வாசல்களில் இப்படி யாருடைய காராவது எப்போதும் நிற்பதுண்டு. அருணகிரியின் வாசலில் மட்டும் ஆறு வருடங்களில் ஒருநாள்கூட நின்றதில்லை. இத்தனைக்கும் அவரிடம் கார் கிடையாது, ஸ்கூட்டரும் கிடையாது. தன் வாசல் மட்டும் ஏன் காலியாகவே இருக்கிறது என்று அவர் யோசித்ததும் கிடையாது.

வந்து நின்றது பக்கத்து வீட்டு அமலதாஸின் விருந்தாளி கார். அமலதாஸ் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். இரண்டு வீட்டுக்கும் இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவர் மகள் ஷெரின் தலைப்பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பிறந்திருந்தது. மணப்பாறையிலிருந்தும் லால்குடியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சொந்தக்காரர்கள் குழந்தையைப் பார்க்க வந்தபடி இருந்தார்கள். அவர்கள் இறங்கிப் பழக்கூடையோடு உள்ளே போய்விடுவார்கள். தங்கள் கார் எங்கே போய் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கண்ணாடியைத் தட்டித் திட்டலாம் என்றால் உள்ளே ஆளும் இல்லை.

அருணகிரியின் மனைவி வேதவல்லிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வாக்கர் பிடித்துத்தான் நடப்பாள். வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். வாக்கரின் அகலம் இரண்டடி. கார் விட்டிருந்த இடம் ஒன்றரை அடி.

முதல் வாரம், வியாழக்கிழமை, அருணகிரி தன்மையாகத்தான் போய்ச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தாஸு. வேதாவால வெளிய வர முடியல. வர்றவங்ககிட்ட கொஞ்சம் சொல்லிவைங்க."

அமலதாஸ் பதறிப்போனார். "ஐயோ, தெரியும்ணே. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். காரை நகரச் சொன்னா, 'வேற இடம் தேடுறேன்'னு சொல்லிக்கிட்டு அங்கேயே நிக்குது. நம்ம பேச்சை எங்க கேக்குது அது? நான் வழி பண்றேன்ணே."

வழி ஒன்றும் பிறக்கவில்லை. ஒரு கார் போனால் அரை மணியில் இன்னொன்று வந்தது. ஆட்டோ தெருமுனையில் காத்திருந்துவிட்டுப் போய்விடும். வேதவல்லி புடவை மாற்றி, தலை வாரி, வாக்கரோடு கேட் வரை வந்து, காரைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"முகுந்தன் வந்தா அவன் வண்டியை எங்க நிறுத்துவான்?"

அருணகிரி வாக்கரை மடக்கி மூலையில் வைப்பார்.

முகுந்தன் அவர்களுடைய ஒரே மகன். பொன்மலை ரயில்வே பணிமனையில் அருணகிரியோடு வேலை பார்த்த சேதுராமனின் மகள் ஹேமாவைத்தான் அவனுக்குக் கட்டி வைத்தார்கள். இரண்டே வருடத்தில், சேர்ந்து வாழ முடியாது என்று முகுந்தன் வந்து நின்றான். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "அவ மேல தப்பு இல்லப்பா, என்னால முடியல" என்று மட்டும் சொன்னான். அருணகிரி மருமகள் பக்கம் நின்றார். ஆறு வருடத்துக்கு முன், வாசலில் வைத்து, தெருவே கேட்கும்படி, "இனிமே இந்த வாசல்ல உன் நிழல்கூட விழக் கூடாது" என்றார். முகுந்தன் காரில் ஏறிப் போனான். கொஞ்ச நாளில் நம்பரை மாற்றிவிட்டான். குஜராத் பக்கம் அவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். ஹேமாவுக்கு மூன்று வருடம் கழித்து வேறு கல்யாணம் ஆகி, இப்போது கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள். அருணகிரியின் கோபம் அதற்கும் முன்பே தீர்ந்துபோயிருந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு நம்பர் இல்லை.

கார் நிற்க ஆரம்பித்த மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, வேதவல்லி பொறுமை இழந்தாள். வாக்கரை உள்ளேயே விட்டுவிட்டு, காரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து வெளியே போகப் பார்த்தாள். பாதியில் கால் வழுக்கியது. காருக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து, எழவும் முடியாமல் கிடந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல்.

மாவுக்கட்டோடு அவளைக் கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு அருணகிரி நேராக அமலதாஸ் வீட்டுக்குப் போனார். ஹாலில் ஏழெட்டு விருந்தாளிகள் இருந்தார்கள். ஷெரின் குழந்தையை மடியில் வைத்திருந்தாள்.

"உங்க வீட்ல பிள்ளை பொறந்தா ஊர்க்காரனெல்லாம் என் வாசல்லதான் நிக்கணுமா?" என்றார். "ஆறு வருஷமா ஒரு வண்டி நின்னதில்ல. இப்ப மட்டும் எப்படி நிக்குது? வாரியத்துல உங்க சர்ச்சு ஆளு இருக்கான்ல, அவன்கிட்ட சொல்லித்தானே என் வாசலை எழுதி வாங்கியிருக்கீங்க? சத்தியமா சொல்றேன், இந்தக் குழந்தை முகத்துலகூட முழிக்க மாட்டேன்."

அமலதாஸ் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலண்ணே" என்று மட்டும் சொன்னார். ஷெரின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை அருணகிரி வாரியத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனார். அன்று அமலதாஸ் வீட்டில் ஞானஸ்நான விருந்து. தெருவில் விடியற்காலையிலிருந்தே ஷாமியானா கட்டும் சத்தம் கேட்டது. அதை எரிச்சலோடு தாண்டி வந்தார்.

அலுவலகத்தில் யாஸ்மின் என்ற இளம்பெண் இருந்தாள். வீட்டு எண்ணைக் கேட்டு, திரையில் பார்த்தாள்.

"உங்க வாசலைப் பத்தி ஏற்கெனவே மூணு புகார் வந்திருக்கு சார்."

"நான் இப்பத்தானேம்மா முதல்தடவையா வர்றேன்."

"நீங்க இல்ல. அமலதாஸ்னு ஒருத்தர். 'பக்கத்து வீட்டில் நடக்க முடியாத அம்மா இருக்கிறார். என் வீட்டுக்கு வரும் கார்களை அங்கே நிறுத்தாதீர்கள். வேண்டுமானால் என் வாசலை முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள்'னு எழுதியிருக்கார். ஆனா அவர் சொன்னா எங்களால மாத்த முடியாது. வாசலுக்கு உரியவங்கதான் கேக்கணும்."

அருணகிரி நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, நான் கேக்கறேன். ஆறு வருஷமா நிக்காத கார் இப்ப ஏன்மா வந்து நிக்குது?" என்றார்.

"ஒவ்வொரு வாசலுக்கும் வரக்கூடியவர் பட்டியல்னு ஒண்ணு இருக்கு சார். அந்த வீட்டுக்கு உரிமையா வந்து வண்டி நிறுத்தறவங்க பேரு அதுல இருக்கும். அவங்க இன்னைக்கு வர எவ்வளவு வாய்ப்பு இருக்குன்னு மெஷின் ஒவ்வொரு மணி நேரமும் பார்க்கும். உங்க பட்டியல்ல நீங்க, உங்க வீட்டம்மா, அப்புறம் முகுந்தன்னு ஒருத்தர்."

"என் பையன்."

"அவர் பேர்ல கார் இருந்திருக்கு. அதான் காரணம். அவர் வர வாய்ப்பு ரொம்பக் குறைச்சலாத்தான் இருந்திருக்கு. நூத்துல ஒரு பங்குகூட இல்ல. ஆனா ஜீரோவா இருந்ததில்ல. ஜீரோ ஆகாத வரைக்கும் மெஷின் அந்த இடத்தை வேற யாருக்கும் குடுக்காது. அவருக்காகத்தான் உங்க வாசல் இத்தனை வருஷம் காலியா இருந்திருக்கு."

"இப்ப?"

"இப்ப ஜீரோன்னு காட்டுது."

"காரை வித்துட்டானோ?"

"வித்தா இப்படி வராது சார். வேற காருல வரலாமே."

"வெளிநாட்டுக்குப் போயிருப்பானோ?"

"வெளிநாடு போனாலும் ஜீரோ வராது. ஜெயில்ல இருந்தாக்கூட..."

யாஸ்மின் சட்டென்று நிறுத்தினாள். திரையையே பார்த்தாள். அவள் கை மேசைமேல் அப்படியே நின்றுவிட்டது.

அருணகிரி பணிமனையில் முப்பத்தைந்து வருடம் அளவு பார்த்தவர். இரும்பை எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும் ஏதோ ஒரு துளி வித்தியாசம் இருந்தே தீரும். அளவு பார்க்கிற எந்தக் கருவியும் சும்மா பூஜ்யம் காட்டாது. அவருக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் கேட்டார்.

"எப்பம்மா?"

"சார், நான் இதைச் சொல்லக் கூடாது. அவர், தகவல் தெரிவிக்க வேண்டியவர்ங்கற இடத்துல 'யாரும் இல்லை'ன்னு போட்டிருக்கார். அப்படிப் போட்டா சட்டப்படி யாருக்கும் சொல்லக் கூடாது. அது அவரோட அந்தரங்கம்."

"கார் நிறுத்தற மெஷினுக்குத் தெரியலாம். பெத்தவனுக்குத் தெரியக் கூடாதா?"

"மெஷினுக்குப் போறது தகவல் இல்ல, வெறும் கணக்குன்னு விதியில எழுதியிருக்கு சார்."

அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு யாஸ்மின் திரையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "உங்களுக்குத் தண்ணி கொண்டுவர்றேன்" என்று சொல்லி எழுந்து போனாள்.

அருணகிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். குஜராத் கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நிற்கும் காற்றாலை. பணியிட விபத்து. ஐப்பசி மாதம் திங்கட்கிழமை, மாலை நான்கு ஐம்பது; அதற்கு மறுநாள் காலைதான் முதல் கார் வந்து நின்றது. வியாழக்கிழமை தகனம், உடன் பணிபுரிந்தோர் ஏற்பாடு. யாரோ அவனுக்குக் கொள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த வியாழக்கிழமை தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தார். காரைப் பற்றி அமலதாஸிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குக் கீழே ஆறு வரிகள் இருந்தன. ஆறிலும் ஒரே கேள்வி: இந்த வாசலில் உங்கள் உரிமையை நீட்டிக்க விரும்புகிறீர்களா? ஆறிலும் ஒரே பதில்: ஆம்.

யாஸ்மின் தண்ணீரோடு வந்தபோது அவர் விரல் அந்த வரிகளின்மேல் இருந்தது.

"இது என்னம்மா?"

"வருஷா வருஷம் ஆனி மாசம் அவங்கவங்க போனுக்குப் போற கேள்வி சார். பதில் போடலேன்னா பேரு தானா நீங்கிடும். தூரமாப் போயிட்டவங்க பெரும்பாலும் போட மாட்டாங்க."

"இவன் போட்டிருக்கான்."

"ஆமா சார். ஆறு தடவையும், கேள்வி போன அன்னைக்கே."

ஒரு துண்டுக் காகிதம் கேட்டு வாங்கி, அந்த ஆறு தேதிகளையும் எழுதிக்கொண்டார். மூன்றாவது தேதியை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தார். தெருவில் கார்கள் வரிசையாக நின்றன. அவர் வாசலிலும் ஒன்று நின்றது. கேட்டைத் திறந்து உள்ளே போனால் வேதவல்லி இருப்பாள். என்ன சொன்னார்கள் என்று கேட்பாள். அவர் கேட்டைத் திறக்கவில்லை. ஷாமியானாவுக்குள் நுழைந்து அமலதாஸின் எதிரே போய் நின்றார்.

"தாஸு, நான் வாரியத்துக்குப் போய்ட்டுத்தான் வர்றேன். நீங்க மூணு தடவை எழுதினதைக் காட்டுனாங்க. நான் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்குங்க."

அமலதாஸ் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "விடுங்கண்ணே. அக்கா விழுந்த ஆத்திரத்துல பேசினீங்க. நான் அதை மனசுலயே வச்சுக்கல. உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்."

ஷெரின் கொஞ்சம் தயங்கினாள். பிறகு வந்து குழந்தையை அவர் மடியில் வைத்தாள். "பெரியப்பா, பேரு ஜெனிட்டா" என்றாள். அருணகிரி குழந்தையைப் பார்த்தார். அது கொட்டாவி விட்டது.

அவர் குரல் கேட்டிருக்க வேண்டும். மதில் சுவருக்கு மேலே வேதவல்லியின் தலை தெரிந்தது. "என்னங்க, அங்கயா இருக்கீங்க?" என்றாள். சண்டை தீர்ந்துவிட்டது என்று புரிந்ததும் அவள் முகம் மாறியது. அமலதாஸின் மனைவி பிலோமினா ஓடிப்போய், விருந்தாளிகள் நாலைந்து பேரைக் கத்திக் கூப்பிட்டு, காரைப் பிடித்துத் தள்ளவைத்து, ஒருவழியாக இடம் பண்ணி, அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். மூன்று வாரத்தில் வேதவல்லி மனிதர்களோடு உட்கார்ந்தது அன்றுதான்.

குழந்தையை மாவுக்கட்டின்மேல் சாய்த்துக்கொண்டாள். "மூக்கைப் பாரேன்" என்று பிலோமினாவிடம் சொன்னாள். "முகுந்தனும் பொறந்தப்ப இப்படித்தான் சப்பை மூக்கு. எங்க மாமியார் தினம் எண்ணெய் வச்சு நீவி நீவி எடுத்துவிட்டாங்க. நீயும் நீவி விடு, சரியாயிடும்."

பிரியாணி வந்தது. அருணகிரி சாப்பிட்டார். வாயில் வைத்தது என்னவென்று தெரியாமல் சாப்பிட்டார். வேதவல்லி யாரோ லால்குடி அம்மாளிடம் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அமலதாஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெல்ல, "என்னண்ணே, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றார்.

"அவ இன்னும் கொஞ்ச நேரம் இப்படி இருக்கட்டும் தாஸு" என்றார் அருணகிரி.

அமலதாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அதற்குமேல் கேட்கவும் இல்லை. எழுந்து போய், வேதவல்லிக்கு இன்னொரு கிண்ணம் பால் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். வேதவல்லி நாற்காலியில் சாய்ந்து, "வாரியத்துல என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததிலேயே அவளுக்கு ஏதோ தட்டியது. சிரிப்பு போய்விட்டது. அவர் சொன்னார். மெஷின், பட்டியல், ஜீரோ என்று ஆரம்பித்தார். அதெல்லாம் வேண்டாம் என்று பாதியில் தோன்ற, "முகுந்தன் இல்ல வேதா" என்றார்.

அவள் அழவில்லை. அவரையே பார்த்தாள்.

"நீங்க அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள்.

ஆறு வருடத்தில் ஒருதடவைகூட அவள் அதைச் சொன்னதில்லை. இன்றாவது சொன்னாளே என்று அவருக்கு இருந்தது.

"வேண்டாம்தான்" என்றார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, அந்தக் கேள்வியையும் பதிலையும் பற்றிச் சொன்னார். அவளுக்கு உடனே விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னதும் விளங்கியது. "படிங்க" என்றாள். முதல் தேதியைப் படித்தார். "அதுக்கு என்ன சொன்னான்?" "ஆம்னு சொன்னான்." இரண்டாவது தேதி. "அதுக்கு?" "ஆம்." ஆறு தேதிக்கும் அப்படியே கேட்டாள். அவரும் ஒவ்வொன்றுக்கும் சொன்னார். ஆறாவது முடிந்ததும் அவளிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டு நின்றது. அமலதாஸும் பிலோமினாவும் ஓடிவந்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள் கை கழுவாமல்கூட வந்து வாசலில் நின்றார்கள்.

காரியம் எல்லாம் அமலதாஸ்தான் உடன் இருந்து செய்தார். குஜராத்துக்கு அருணகிரியோடு போனதும் அவர்தான். முகுந்தனோடு வேலை பார்த்த ஒடிசாக்காரர் ஒருவர் ஒரு பையையும் ஒரு சிறு கலயத்தையும் கொடுத்தார். "நல்ல மனுஷன், அதிகம் பேச மாட்டார்" என்று அரைகுறை இந்தியில் சொன்னார். திரும்பி வந்த மறுநாள் அமலதாஸ் கொத்தனாரைக் கூப்பிட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதிலில் நான்கடி இடித்து வழி வைத்தார். வேதவல்லி வாக்கரோடு அவர்கள் வீட்டு வழியாக வெளியே போய்வரலாம். ஷெரின் கணவன் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த வழியை அடைக்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம் யாஸ்மின் போன் செய்தாள். வேதவல்லி எடுத்தாள்.

"அம்மா, உங்க வாசல் விஷயமாத்தான் பேசறேன். நடக்க முடியாதவங்க இருக்கற வீடுன்னு நீங்க விண்ணப்பம் போட்டா வாசல் முழுக்க உங்களுக்கே எழுதிக் குடுத்துடுவாங்க. ஒரு காரும் வந்து நிக்காது. நானே போட்டுக் குடுக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி பட்டியல்ல இருந்து அவர் பேரை எடுக்கணும். இறந்தவர் பேர் இருக்கற வரைக்கும் விண்ணப்பத்தை மெஷின் ஏத்துக்காது."

"பேரை எடுக்கலேன்னா?"

"எடுக்கணும்னு கட்டாயம் இல்லம்மா. இறந்தவங்களுக்கு வருஷக் கேள்வி போகாது, அதனால பேரு அது பாட்டுக்கு இருக்கும். ஆனா கார் வந்து நின்னுக்கிட்டேதான் இருக்கும்."

வேதவல்லி கேட் பக்கம் பார்த்தாள். யாருடையதோ ஒரு நீல நிறக் கார் அப்போதுதான் வந்து, முன்னும் பின்னும் நகர்ந்து, இடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது.

"பேரு இருக்கட்டும்மா" என்றாள்.

"அப்ப கார் நிக்குமே."

"நிக்கட்டும். யாராச்சும் வந்து நிக்கட்டும்."